கம்பிச் சுருளும் உப்புக்காற்றும்

தூத்துக்குடியில் எலெக்ட்ரிக் கிட்டார் பழகிய என் வயதுக்காரர்கள் பலரும் ரேடியோவோடு சேர்ந்துதான் வாசித்திருக்கிறோம். ஆம்ப்பைப் போட்டு டிஸ்டார்ஷன் பெடலை மிதித்தால் போதும். கம்பியில் கை படுவதற்கு முன்பே யாரோ செய்தி வாசிப்பார்கள். ஒரு நேரம் தமிழ், ஒரு நேரம் சிங்களம். எங்கள் ஊர் வானொலி நிலையத்தின் 1053 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலை இலங்கைக்கும் சேர்த்துப் பேசியது. 200 கிலோவாட் வலு. கடல் தாண்டிப் போகிற குரல் உள்ளூரில் ஒரு கிட்டார் வயரை விட்டுவைக்குமா? குற்றம் நிலையத்தின் மேல் இல்லை, எங்கள் வயரிங்கின் மேல்தான். வயர் ஏரியலாக நிற்கும். களிம்பேறிய ஒரு சால்டர் முனை, அந்தக் காலத்துக் கிரிஸ்டல் ரேடியோவில் கல் பார்த்த வேலையைப் பார்க்கும். மிச்சத்தைப் பெடல் பார்த்துக்கொள்ளும்.

ஹை-கெய்ன் என்றால் என்ன என்பதை எனக்குப் பாடம் எடுத்தவர் அந்தச் செய்தி வாசிப்பாளர்தான். பெருக்குகிற கருவி ஆள் பார்ப்பதில்லை. கம்பியின் அதிர்வு, டியூப்லைட்டின் ரீங்காரம், பக்கத்து வெல்டிங் பட்டறையின் சடசடப்பு எல்லாம் அதற்கு ஒரே சரக்கு. அதனால்தான், மெட்டல் இசைக்கு எந்தப் பிக்கப் நல்லது என்று பையன்கள் வந்து கேட்டால், அது எவ்வளவு சத்தம் போடும் என்பது எனக்குக் கடைசிக் கேள்வியாகத் தோன்றுகிறது. எதை உள்ளே விடாது என்று பார்ப்பதே முதல் வேலை.

எங்கள் தெருக்களுக்குக் கிட்டார் வந்தது கோயில் வழியாக. கடற்கரைப் பக்கம் கோயில் என்றால் மாதா கோயில். 1713இல் எழும்பிய பனிமய மாதா ஆலயத்தில் ஜூலை 26 கொடியேறினால் ஆகஸ்ட் 5 வரை ஊர் உறங்காது. கொயரில் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் ஒரு கிட்டார் இருந்தே தீரும். அதில் மூன்று கார்டு பழகியவர்கள் அடுத்து மெல்லிசைக் குழுவுக்குப் போவார்கள். அங்கேதான் எலெக்ட்ரிக் கிட்டாரைத் தொட வாய்க்கும். நான் முதலில் தொட்டது கல்கத்தாவில் செய்தது. இப்போது நினைத்தால் அந்தப் போக்குவரத்து வேடிக்கையாக இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் மூச்சடக்கி எடுத்த சங்கு காலங்காலமாக வங்காளத்துக்குப் போகிறது. அங்கே அதை அறுத்து, மணமான பெண்களின் கைக்கு வளையலாக்குகிறார்கள். அங்கேயிருந்து எங்கள் கைக்கு வந்தது ஆறு கம்பி.

கம்பிக்கு இந்த ஊரில் ஆயுசு குறைவு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம். வாசித்துவிட்டுத் துடைக்காமல் வைத்தால் கம்பி சொரசொரத்துவிடும். தேய்த்து வாசித்தால் விரல் நுனியில் துருவின் நிறம் ஒட்டும். கம்பியையாவது மாற்றிக்கொள்ளலாம். உப்புக்காற்று பிக்கப்பின் உள்ளே இறங்கி, சுருளின் முனையில் சால்டர் வைத்த இடத்தைத் தின்றுவிட்டால் கிட்டார் ஊமை. எனக்கு அது நடந்தது. மல்டிமீட்டர் முள் அசையவே இல்லை. ஊரில் கிட்டார் ரிப்பேர்க்காரர் யாரும் இல்லை. ஆனால் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடைகளுக்குப் பஞ்சம் இல்லை. மில், ஐஸ் பிளான்ட், விசைப்படகு, உப்பளத்துப் பம்பு என்று காயில் எரியாத நாள் கிடையாது.

கடைக்கார அண்ணாச்சி பிக்கப்பைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"இதுக்குள்ள என்னலே இருக்கு?"

"காந்தமும் காயிலும் அண்ணாச்சி. மேல இரும்புக் கம்பி ஆடும்."

"ஆடுனா கரண்டு வரும். அப்ப இது டைனமோ. இதுக்கா இம்புட்டு நேரம் முழிச்சிக்கிட்டு நிக்க?"

1831இல் பாரடே கண்டதை அவர் ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். காந்தம் கம்பியையும் காந்தமாக்குகிறது. கம்பி அதிர்ந்தால் சுருளின் வழியே போகிற காந்தப்புலம் கூடிக் குறைகிறது. சுருளில் அதே தாளத்தில் மின்னழுத்தம் பிறக்கிறது. பிக்கப் என்பதில் இதற்கு மேல் மர்மம் இல்லை. மர்மமெல்லாம் எத்தனை சுற்று, எவ்வளவு சன்னமான கம்பி, எந்தக் காந்தம் என்பதில்தான்.

மோட்டார்க் கம்பி அண்ணாச்சியிடம் உருளை உருளையாகக் கிடந்தது. இதற்கு வேண்டியதோ 46 கேஜ், 0.06 மில்லிமீட்டர், தலைமுடியைவிடச் சன்னம். சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரவழைத்தோம். ஃபேன் காயில் சுற்றும் மெஷினில் பாபினைப் பூட்டி, கைப்பிடியைத் திருப்பி, பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினார். அறுந்தது, மறுபடி சுற்றினார். மோட்டார் காயிலை வார்னிஷில் முக்குவது போல இதையும் முக்க வேண்டும் என்று அவருக்கே தோன்றியது. பிக்கப் செய்கிறவர்களும் அதைத்தான் செய்கிறார்கள்; பாரஃபின் மெழுகில் கொஞ்சம் தேன்மெழுகு கலந்து உருக்கி, சுருளை அதில் போட்டு ஊறவைப்பார்கள். மெழுகு இறங்காத சுருளில் சுற்றுகள் தளர்ந்து தாமே அதிரும். கெய்னை ஏற்றினால் ஆம்ப் கீச்சென்று அலறும். கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டுகள் எங்களுக்கு உதவின.

அண்ணாச்சி ஒரு தாராளமும் செய்தார். "கூடக் கொஞ்சம் சுத்தியிருக்கேன். கரண்டு கூடுதலா வரும், பாத்துக்க." வந்தது. மீட்டரில் ஓம் ஏறியிருந்தது, சத்தமும் ஏறியிருந்தது. ஆனால் சுருதியின் முகம் மங்கிவிட்டது. கார்டு அடித்தால் போர்வைக்குள்ளிருந்து கேட்டது. காரணம் பின்னால்தான் படித்தேன். சுற்றுக் கூடினால் இன்டக்டன்ஸ் கூடும்; சுற்றுகளுக்கு இடையிலும் வயரிலும் இருக்கிற கெப்பாசிட்டன்ஸோடு சேர்ந்து, பிக்கப் எந்த அலைவரிசையில் உச்சமாக ஒலிக்குமோ அந்த உச்சம் கீழே இறங்கிவிடும். அதற்கு மேலே உள்ள கூர்மை எல்லாம் அடங்கிப்போகும்.

எங்கள் வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார், அப்பாவுக்குப் பெரியப்பா. 1950களில் முத்துக்குளிப்பு நடந்தபோது கடலில் முத்துப்பாரில் இருந்தவர். 1961க்குப் பிறகு குளிப்பே நடக்கவில்லை. ஆனாலும் திண்ணையில் அவர் பேச்சு முத்தைவிட்டு நகராது. முத்தைத் தரம் பிரிக்கப் பித்தளைச் சல்லடைகள் உண்டு, ஒன்றுக்குள் ஒன்றாகப் பத்து. 20 கண் உள்ளதில் தொடங்கி 1000 கண் உள்ளது வரை. சலித்துவிட்டால் பெரிது சிறிது தெரிந்துவிடும். பிறகுதான் வியாபாரி துணியில் கொட்டி, வெளிச்சத்தில் உருட்டி, வடிவும் ஒளியும் பார்த்து விலை பேசுவான். பிக்கப்பின் அட்டையில் அச்சிட்டிருக்கும் கிலோ ஓம் கணக்கும் அந்தப் பித்தளைச் சல்லடையும் ஒன்றுதான். அளவு தெரியும், ஒளி தெரியாது.

அதற்கு என் கையிலேயே அத்தாட்சி உண்டு. சீமோர் டங்கன் கம்பெனியின் ஜேபி 16.4 கிலோ ஓம். அதே கம்பெனியின் டிஸ்டார்ஷன் 16.6. சல்லடையில் இரண்டும் ஒரே கண்ணில் நிற்கும். காதில் வேறு வேறு ஊர். ஜேபியில் அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த அல்னிகோ காந்தம், ஐந்தாம் வகை. மேல்-நடுப் பகுதியில் ஒரு கடி இருக்கும். தனி வாசிப்பில் ஒவ்வொரு சுரமும் முன்னால் வந்து நிற்கும். அடிக்கம்பியை உள்ளங்கையால் அமுக்கி வெட்டி வெட்டி வாசித்தால் கொஞ்சம் தளர்வு தெரியும். டிஸ்டார்ஷனில் செராமிக் காந்தம். வெட்டு வெட்டாகவே விழும். மெகாடெத்தின் டேவ் மஸ்டெய்ன் ஜேபியை வைத்தே எவ்வளவு இறுக்கமாக வாசித்தார் என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். வரட்டும். அந்த வலது கை நமக்கு இருந்தால் நாம் பிக்கப்பைப் பற்றியே பேசமாட்டோம்.

மெகாடெத் என்றதும் சித்தப்பா நினைவு. கப்பலில் வேலை பார்த்தவர். துறைமுகம் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்ட 1974க்குப் பிறகு, எங்கள் தெருவில் கடலை வள்ளத்திலிருந்து பார்த்தவர்களோடு கப்பல் தளத்திலிருந்து பார்க்கிறவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவர்கள் சோப்பு, சென்ட், சாக்லேட்டோடு ஊர் திரும்புவார்கள். சித்தப்பா பெட்டியில் கேசட்டும் இருக்கும். பிளாக் சபாத்தை அவர்தான் கொண்டுவந்தார். "இந்தப் பய ரெண்டு வெரலு போனவன்" என்று சொல்லித்தான் போட்டார். எனக்கு அது கட்டுக்கதையாகப் பட்டது. உண்மைதான். அந்தக் குழுவின் கிட்டார்க்காரர் டோனி அயோமி, பர்மிங்ஹாமில் தகரத் தகடு வெட்டும் ஆலையில் வேலை பார்த்த பையன். 1965இல், 17 வயதில், வலது கையின் நடுவிரலும் மோதிர விரலும் நுனி அறுந்தன. இடக்கைக்காரர் ஆனதால் கம்பியை அழுத்துகிற விரல்கள் அவை. பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல் நுனிக்குத் தொப்பி செய்து, அதன்மேல் தோல் ஒட்டி வாசித்தார். அழுத்த வலிக்காமல் இருக்க மெல்லிய கம்பி போட்டார். பிறகு சுருதியையும் இறக்கினார். 1970இல் வெளிவந்த முதல் ஆல்பத்திலிருந்து இன்றுவரை இந்த இசைக்கு இருக்கிற கனம், ஓர் ஆலை விபத்தோடு பிணைந்தது. ஹார்பரிலும் மில்லிலும் விரல் இழந்தவர்களை நாங்கள் தினமும் பார்த்தோம். அதனால்தானோ என்னவோ, அந்தக் கேசட் எங்களுக்கு அந்நியமாகப் படவில்லை.

இரைச்சலுக்கே திரும்புகிறேன். அதற்கு மருந்து 1950களிலேயே வந்துவிட்டது. கிப்சன் கம்பெனியில் சேத் லவர் என்ற பொறியாளர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த யோசனை அது. ஒரு சுருளுக்குப் பதில் இரண்டு. ஒன்றுக்கு ஒன்று எதிர்த்திசை, காந்த முனையும் எதிர். கம்பியின் அதிர்வு இரண்டிலும் பிறந்து கூடிக்கொள்ளும். வெளியிலிருந்து வரும் மின்கம்பியின் முனகல் இரண்டிலும் எதிரெதிராக விழுந்து அழிந்துவிடும். அமெரிக்காவில் அந்த முனகல் 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. ஹம்பக்கர் என்று பெயர். 1957இலிருந்து கிட்டார்களில் ஏறியது. காப்புரிமை கைக்கு வந்தது 1959இல். அதற்குள் ஒட்டியனுப்பிய 'விண்ணப்பித்துள்ளோம்' ஸ்டிக்கருக்கே இன்று தனி விலை.

லவர் சுத்தமான ஒலிக்காகச் செய்தார். அதை வன்முறைக்குப் பழக்கியவர்கள் பின்னால் வந்தார்கள். 1972இல் லாரி டிமார்சியோ செராமிக் காந்தமும் கூடுதல் சுற்றும் வைத்து சூப்பர் டிஸ்டார்ஷன் என்று ஒன்றைச் செய்தார். கிட்டாரோடு வந்ததைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு பிக்கப் வாங்கிப் போடலாம் என்ற வியாபாரமே அதிலிருந்துதான் சூடு பிடித்தது. அயர்ன் மெய்டனின் டேவ் மர்ரி தொடக்க காலத்தில் அதைத்தான் வைத்திருந்தார். டெத் இசைக்குழுவின் சக் ஷுல்டினர் அதே கம்பெனியின் எக்ஸ்2என். பான்டெராவின் டைம்பேக் டாரல், பில் லாரன்ஸ் செய்த எல்-500எக்ஸ்எல். ஒவ்வொருவரும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதையே தன் குரலாக்கினார்கள்.

மெய்டனை 2007 மார்ச் 17 அன்று பெங்களூர் அரண்மனை மைதானத்தில் நேரில் கேட்டேன். எங்கள் ஊரிலிருந்து ஒரு கூட்டமே போயிருந்தோம். சத்தம் நெஞ்சில் இடிக்கும் என்று எதிர்பார்த்துப் போனேன், இடித்தது. எதிர்பாராதது, மூன்று கிட்டாரும் ஒரு சேர நின்ற இடங்கள். தாளம் வெட்டிய கணத்தில் ஒலியும் வெட்டுண்டு போனது. முனகல் இல்லை, கீச்சு இல்லை, செய்தி வாசிப்பாளரும் இல்லை. அந்த வெட்டு இருந்தால்தான் அடுத்த அடி அடியாக விழும். நாங்கள் வாசித்துப் பழகிய மாடியில் இரண்டு அடிக்கு நடுவே எப்போதும் ஏதாவது ஒன்று கசிந்துகொண்டிருந்தது. நாய்ஸ் கேட் என்ற பெட்டி வாங்கிப் போட்டோம். வாசிக்காதபோது அது வாயை மூடும். வாசிக்கும்போது உள்ளே வருகிற அழுக்கை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

இஎம்ஜி 81 பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. மெட்டாலிகாவின் ஹெட்ஃபீல்ட், ஸ்லேயரின் கெர்ரி கிங் என்று பெரிய பட்டாளமே அதன் பின்னால் உண்டு. அதன் தத்துவம் வேறு. சுருளில் அதிகம் சுற்றாமல், பலவீனமான சிக்னலை எடுத்து, பிக்கப்புக்குள்ளேயே ஒரு சின்னப் பெருக்கி வைத்து ஏற்றி அனுப்புகிறது. 9 வோல்ட் பேட்டரி வேண்டும். 500 கிலோ ஓம் வால்யூம் குமிழைக் கழற்றி 25 போட வேண்டும். வயர் எவ்வளவு நீளமானாலும் கூர்மை குறையாது. வாசித்தால் எல்லா அடியும் ஒரே உயரத்தில் நறுக்கென்று வரும்; மெல்ல அடித்ததும் பலமாக அடித்ததும் வித்தியாசம் குறைவு. அதைத்தான் சிலர் உயிரில்லை என்கிறார்கள், சிலர் சீர் என்கிறார்கள்.

எனக்கு அதன் மேல் மரியாதை வந்தது வேறு காரணத்தால். கோயில் கொடை மேடைகளில் வாசித்தவர்களுக்குத் தெரியும். ஜெனரேட்டர் கரண்டு, மைக் செட் ஒரு லைன், எங்கள் ஆம்ப் ஒரு லைன். சாதாரணக் கிட்டாரில் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக ஆம்ப்பின் எர்த்தோடு இணைந்திருக்கும். கம்பியைப் பிடித்தால் இரைச்சல் குறைவது அதனால்தான். நம் உடம்பே மறைப்பாகிவிடுகிறது. கையில் கம்பி, உதட்டில் மைக், இரண்டு லைனுக்கும் எர்த் வேறு வேறு என்றால் பாடகருக்கு உதட்டில் விழும் ஷாக் பல்லவியையே மறக்கடிக்கும். இஎம்ஜியில் கம்பியை எர்த்தில் சேர்க்கத் தேவையில்லை. சேர்க்க வேண்டாம் என்றே கம்பெனியும் சொல்கிறது. ஒலிக்காகச் செய்த ஏற்பாடு, நம் மேடைகளில் உயிர்க்காப்பு. கடற்கரையில் அதற்கும் ஒரு வரி உண்டு: பேட்டரி கிளிப் பச்சை பூக்கும். அடிக்கடி திறந்து துடைக்க வேண்டும்.

ஒரே கிட்டார், ஒரே கம்பி, ஆம்ப் குமிழ்களுக்கு டேப் ஒட்டி அசையாமல் வைத்து, ஜேபி, டிஸ்டார்ஷன், 81 மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டு லேப்டாப்பில் பதிந்து கேட்டிருக்கிறோம். கண்ணை மூடிக் கேட்ட நண்பர்கள், லீட் வாசிப்பில் ஜேபியை ஒவ்வொரு முறையும் பிடித்துவிட்டார்கள். தாள வாசிப்பில், சுருதியை இறக்கியபோது, செராமிக்கும் 81உம் மாறி மாறிக் குழப்பின. எனக்குக் கிடைத்த பெரிய பாடம் வேறு. கெய்னை ஏற்றாமல் கேட்டபோது தடித்து, இனித்து, எல்லாரும் தலையாட்டியது எதுவோ அதுவே கெய்ன் ஏறியதும் சேறானது. அப்போது மெலிந்து, வறண்டு கேட்டதுதான் கெய்னில் இறுகியது. கீழ் ஒலி அதிகமாக உள்ளே போனால் அது முதலில் கிழிந்து, மேலே இருப்பதையெல்லாம் மூடிவிடுகிறது. ஆம்ப்புக்கு முன்னால் ஓவர்டிரைவ் பெடலைப் போட்டுக் கீழ் ஒலியைக் கழிக்கிறார்களே, அதுவும் இதற்குத்தான். கடையில் மெட்டலுக்குப் பிக்கப் பார்க்கிறவர்கள் கிளீன் ஒலியில் மயங்கக்கூடாது. இன்னொன்று, பிக்கப்பின் இரண்டு பக்கத் திருகு. கம்பிக்கு அருகே ஏற்றினால் சத்தம், இறக்கினால் தெளிவு. அந்தத் திருகில் அரைச் சுற்று, சில நேரம் புதுப் பிக்கப்பின் காசை மிச்சம் பிடித்துத் தரும்.

ஆனால் மாடியில் செய்தி வாசிப்பாளரை நிறுத்தியது மூன்றில் எதுவும் இல்லை. ஹம்பக்கர் காந்த வழியில் வரும் முனகலைத்தான் அழிக்கும். களிம்பேறிய முனைக்கும், மறைப்பில்லாத மரக்குழிக்கும், எர்த் இல்லாத பிளக்குக்கும் அதனிடம் மருந்து கிடையாது. சால்டர்களை வழித்துப் புதிதாக வைத்தோம். கிட்டாரின் குழிக்குள் செம்புத் தகடு ஒட்டி எர்த்தில் சேர்த்தோம். கடைசியாக, காயில் கட்டிய அதே அண்ணாச்சி வீட்டுக்கு வந்து பார்த்தார். மூன்றாவது பின்னுக்கு வயரே இல்லை. "எர்த்து இல்லாத வீட்டுல ஏரியல்தாம்லே வாசிச்சிக்கிட்டு இருந்திருக்க" என்றார். முற்றத்தில் குழி வெட்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். கம்பியைத் தின்ற உப்பு, மண்ணுக்குள் போனதும் மின்சாரத்துக்கு வழிவிட்டது. அன்று சாயங்காலம் பெடலை மிதித்தபோது, கை வைக்கும்வரை ஆம்ப் பேசவில்லை.

போன மாதம் ஒரு பையன் வந்திருந்தான். கையில் ஒரு கிட்டார், ஒரு பிக்கப்புக்கான காசு. இப்போது ஃபிஷ்மேன் ஃப்ளூயன்ஸ் என்று கம்பியே சுற்றாமல், அச்சிட்ட தகடுகளை அடுக்கிச் செய்ததெல்லாம் இருக்கிறது. அதுவரைக்கும் படித்துவிட்டுத்தான் வந்திருந்தான். இதுவரை எழுதியதையெல்லாம் அவனிடமும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"எல்லாம் ஒண்ணுதான்னா, நீங்க எதுக்குண்ணே மூணு வச்சிருக்கீங்க?"

ஒன்று என்று நான் சொல்லவில்லை என்றேன். கொடை மேடைக்குப் போகிற கிட்டாரில் 81. சுருதி இறக்கி வாசிப்பதில் செராமிக். ஜேபி, சுருதியை இறக்காமல் லீட் வாசிக்கிறவனுக்கு. "நீ சுருதி எறக்கித்தானே வாசிக்க? செராமிக் போடு. பேட்டரிச் செலவு இல்ல. பழசா கெடச்சாலும் வாங்கு, மீட்டர் வச்சுப் பாத்துட்டு வாங்கு. மிச்சக் காசுல வீட்டுக்கு எர்த்துக் குழி வெட்டு."

அவன் சிரித்தான். "பிக்கப் கேட்டு வந்தவன்ட்ட குழி வெட்டச் சொல்ற ஒரே ஆளு நீங்கதாம்ணே." ஆனாலும் போகும்போது, எத்தனை அடி ஆழம் என்று கேட்டுக்கொண்டுதான் போனான்.